நடந்துகொண்டே ஆடிய ரிக்கெல்மேயை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

கேள்வி இதுதான்: "2022 உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்துக்கு எதிராகக் கோல் அடித்ததும் மெஸ்ஸி இரண்டு காதுகளுக்குப் பின்னாலும் கையைக் குவித்துக்கொண்டு நின்றார். அது ரிக்கெல்மேயின் பாணி என்றார்கள். யார் இந்த ரிக்கெல்மே? தேடிப் பார்த்தால் உலகக் கோப்பை இல்லை, சாம்பியன்ஸ் லீக் இல்லை, பார்சிலோனாவில் ஒரே ஒரு சீசன். வீடியோவில் பார்த்தால் நடந்துகொண்டே ஆடுகிறார். அப்புறம் எதற்கு அர்ஜென்டினாவில் இவ்வளவு கொண்டாட்டம்?"

நீங்கள் தேடி எடுத்த பட்டியல் சரிதான். வேண்டுமானால் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கோபா அமெரிக்காவும் அவருக்குக் கிடைக்கவில்லை, பலோன் தோர் விருதும் கிடைக்கவில்லை. ஆனால் "நடந்துகொண்டே ஆடுகிறார்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பதில் அங்கேதான் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அர்ஜென்டினாவில் பத்தாம் நம்பர் பிளேமேக்கரை 'எங்காஞ்சே' என்பார்கள். கொக்கி என்று பொருள். பின்னால் பந்தைப் பறித்துக் கொடுப்பவர்களையும் முன்னால் கோல் அடிப்பவர்களையும் சேர்த்து மாட்டுகிற கொக்கி. ஹுவான் ரோமன் ரிக்கெல்மே அந்த வேலையைச் செய்த விதம் தனி. பந்து வந்ததும் உள்ளங்காலை அதன்மேல் வைத்துவிடுவார். எதிராளிக்கு முதுகைக் காட்டி, இடுப்பைக் கொடுத்து, கைகளை லேசாக விரித்து நிற்பார். அவன் எந்தப் பக்கமிருந்து முட்டினாலும் பந்து மறுபக்கம் உருண்டுவிடும். ஒருவனால் பறிக்க முடியவில்லை என்று இன்னொருவன் வருவான், சில சமயம் மூன்றாவது ஆளும் வருவான். அவர்கள் விட்டுவிட்டு வந்த இடம் காலியாகக் கிடக்கும். அந்தக் காலி இடத்துக்குத் தன் ஆள் ஒருவர் ஓடத் தொடங்கும்வரை ரிக்கெல்மே சும்மா நிற்பார். ஓடியதும் பந்து போகும், ஓடுகிறவர் வேகத்தைக் குறைக்கவோ கூட்டவோ தேவையில்லாத அளவில்.

இந்தச் சும்மா நிற்பதற்கு அங்கே 'லா பௌசா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மிருதங்கக்காரர் கார்வை விடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அடி விழாத அந்த நேரமும் தாளக் கணக்கில் உண்டு. டிவியில் பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ரிக்கெல்மே ஒன்றும் செய்யாமல் நிற்பதுபோலத்தான் தெரியும். பந்தைவிட்டுச் சுற்றியிருக்கிற மற்றவர்களைப் பார்த்தால்தான் அவர் நிற்பதால் என்னென்ன நகர்கிறது என்று புரியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இப்படி ஆடுகிறவருக்காகப் பின்னால் ஓடியோடி உழைக்க மூன்று பேர் வேண்டும். முன்னால் சரியான நேரத்தில் ஓடத் தெரிந்த இரண்டு பேர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காத்திருக்கச் சம்மதிக்கிற ஒரு கோச் வேண்டும். ரிக்கெல்மேயின் 18 வருட ஆட்டக் கதையை என்னால் ஒரே வரியில் சொல்ல முடியும்: அவருக்காகக் காத்திருந்தவர்களோடு சேர்ந்து ஜெயித்தார், காத்திருக்காதவர்களிடம் முறைத்துக்கொண்டு போனார். வளைந்து கொடுத்ததே இல்லை. இது பலமா பலவீனமா என்று என்னைக் கேட்டால், இரண்டும்தான்.

பிறந்தது 1978 ஜூன் 24. மறுநாள்தான் அர்ஜென்டினா தன் சொந்த மண்ணில் நெதர்லாந்தை வீழ்த்தி முதல் உலகக் கோப்பையை வென்றது. (மெஸ்ஸி பிறந்ததும் ஜூன் 24தான், ஒன்பது வருடம் கழித்து.) புவெனஸ் ஐரிஸை ஒட்டிய டான் டோர்குவாட்டோவில் ஏழைக் குடும்பம், பதினோரு பிள்ளைகள், இவர் மூத்தவர். மரடோனா வளர்ந்த அதே அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸ் கிளப்பில் பால பாடம். 1996-இல் போகா ஜூனியர்ஸ் வாங்கிக்கொண்டது. அந்த வருடம் நவம்பர் 10 அன்று யூனியன் அணிக்கு எதிராக முதல் ஆட்டம்.

அடுத்த வருடம் நடந்த ஒன்றை யாராவது கதையில் எழுதியிருந்தால் நம்ப மாட்டோம். 1997 அக்டோபர் 25, போகாவின் பரம எதிரியான ரிவர் பிளேட் கிளப்பின் மைதானத்தில் போகா–ரிவர் ஆட்டம். இடைவேளையில் போகா கோச் ஒருவரை வெளியே எடுத்து, 19 வயது ரிக்கெல்மேயை இறக்கினார். வெளியே போனவர் மரடோனா. அவர் அதற்குப் பிறகு போட்டி ஆட்டம் எதிலும் ஆடவில்லை. நான்கு வருடம் கழித்து, 2001 நவம்பரில் போகா மைதானத்தில் மரடோனாவுக்குப் பிரிவுபசார ஆட்டம் வைத்தபோது, அவர் அர்ஜென்டினா அணிச் சட்டையைக் கழற்றினார். உள்ளே போகா சட்டை. முதுகில் பத்தாம் நம்பருக்கு மேல் ரிக்கெல்மே பெயர். இந்த இரண்டு பேரும் பின்னால் பேச்சுவார்த்தை இல்லாமல் போனார்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

1997-இல் மலேசியாவில் நடந்த 20 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை அர்ஜென்டினா வென்றது. ஐமர், கம்பியாசோ, சாமுவேல் எல்லாம் அந்த அணியில். கோச் ஹோசே பெக்கர்மன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1998-இல் கார்லோஸ் பியாஞ்சி போகாவுக்குக் கோச்சாக வந்தார். அதற்கு முன் போகா கடைசியாக லீக் வென்றது 1992-இல். பியாஞ்சியின் ஏற்பாடு சிக்கலில்லாதது: நடுவில் மூன்று உழைப்பாளிகள், அவர்களுக்கு முன்னால் தனியாக ரிக்கெல்மே, அவருக்கும் முன்னால் கில்லெர்மோ பாரோஸ் ஸ்கெலோட்டோ அல்லது டெல்காடோ, கூடவே கோல் அடிக்கும் எந்திரம் மார்ட்டின் பலேர்மோ. பந்து கிடைத்தால் ரோமனிடம் கொடு, அவ்வளவுதான். 1998, 1999-இல் தொடர்ந்து இரண்டு லீக் பட்டங்கள், நடுவில் 40 ஆட்டங்கள் தோல்வியே இல்லாமல். 2000-இல் லிபர்ட்டடோரஸ் கோப்பை. தென்னமெரிக்காவின் சாம்பியன்ஸ் லீக் என்று சொல்லலாம். 22 வருடம் கழித்து அந்தக் கோப்பை போகாவுக்கு வந்தது. 2001-இல் மறுபடியும்.

அந்த 2000 கோப்பையில் காலிறுதி ரிவர் பிளேட்டுடன். சண்டைக்கோழிகள் என்பதெல்லாம் சின்ன வார்த்தை, ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கும். இரண்டாவது ஆட்டம் மே 24, போகாவின் லா பொம்போனேரா மைதானத்தில். ஆட்டத்தின் கடைசிப் பகுதி. வலது பக்கக் கோட்டோரம், ரிக்கெல்மே முதுகைக் காட்டி நிற்கிறார். பின்னால் ரிவரின் கொலம்பிய டிஃபென்டர் மாரியோ யெபெஸ், நல்ல உயரமான ஆள். திரும்ப இடமில்லை, கோடு ஒரு பக்கம் அடைக்கிறது. ரிக்கெல்மே உள்ளங்காலால் பந்தைப் பின்னுக்கு இழுக்கிறார். பந்து யெபெஸின் இரண்டு கால்களுக்கும் நடுவே போகிறது. இவர் அவரைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் எடுத்துக்கொள்கிறார். அதிலிருந்து கோல் எதுவும் வரவில்லை. போகா 3-0 என்று ஜெயித்தது; கோல் அடித்தவர்களின் பெயரைக் கேட்டால் போகா ரசிகர்கள் சிலர் யோசிப்பார்கள், அந்தக் கால் நடுவே போன பந்தைக் கேட்டால் நடித்தே காட்டுவார்கள். யெபெஸ் இத்தாலியில், பிரான்சில், கொலம்பியா தேசிய அணியின் கேப்டனாக என்று நீண்ட காலம் நன்றாக ஆடியவர். பாவம், அவர் பெயர் இன்றைக்கும் இதற்காகத்தான் அடிபடுகிறது.

சரி, அதே வருடம் நவம்பர் 28, டோக்கியோ. ஐரோப்பிய சாம்பியனும் தென்னமெரிக்க சாம்பியனும் மோதும் இன்டர்கான்டினென்டல் கோப்பை. எதிரே ரியல் மாட்ரிட்: காசியாஸ், ஹியேரோ, ராபர்ட்டோ கார்லோஸ், மகலேலே, ஃபிகோ, ரால். ஆறு நிமிடத்துக்குள் பலேர்மோ இரண்டு கோல். இரண்டாவது கோலுக்குத் தன் பாதியில் இருந்தே ரிக்கெல்மே ஒரு நீளமான பாஸ் விட்டார், மாட்ரிட் டிஃபென்ஸ் முழுவதையும் தாண்டி பலேர்மோவின் ஓட்டத்தில் போய் விழுந்தது. சீக்கிரமே ராபர்ட்டோ கார்லோஸ் ஒரு கோலைத் திருப்பிவிட்டார். அப்புறம் எண்பது நிமிடம் இருக்கிறதே? அங்கேதான் ரிக்கெல்மே. மாட்ரிட் நெருக்க நெருக்க, போகாக்காரர்கள் பந்தை அவரிடம் கொடுப்பார்கள், அவர் ஒளித்து வைத்துக்கொள்வார். பந்தைப் பறிப்பதையே தொழிலாக வைத்திருந்த மகலேலே அன்று சுற்றிச் சுற்றி வந்து முட்டினார். கடிகாரம் ஓடியது. 2-1. பலேர்மோவுக்குத்தான் ஆட்ட நாயகன் பரிசு. இரண்டு கோல் அடித்தவருக்குக் கொடுப்பது நியாயம்தான். ஆனால் அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்த யாரும் அதை ரிக்கெல்மேயின் ஆட்டம் என்றுதான் சொல்வார்கள்.

இப்போது உங்கள் காது விஷயம். 2001 ஏப்ரல் 8, மறுபடி ரிவருக்கு எதிராக, மறுபடி பொம்போனேராவில், மறுபடி 3-0. சம்பள ஒப்பந்தம் தொடர்பாக ரிக்கெல்மேக்கும் கிளப் தலைவர் மொரிசியோ மாக்ரிக்கும் நடுவே இழுபறி நடந்துகொண்டிருந்த நேரம். ரிக்கெல்மே அடித்த பெனால்டியை கோல்கீப்பர் தடுத்தார், திரும்பி வந்த பந்தைத் தலையால் முட்டிக் கோலாக்கினார். நேராகத் தலைவர் உட்காரும் மாடத்துக்கு எதிரே போய் நின்று, இரண்டு காதுக்குப் பின்னாலும் கையைக் குவித்தார். மைதானமே கத்துகிறது, இவர் அசையாமல் நிற்கிறார். கேட்டவர்களிடம், தன் மகளுக்கு டோபோ ஜிஜியோ பிடிக்கும் என்றார். டோபோ ஜிஜியோ பெரிய காது வைத்த எலி பொம்மை, தென்னமெரிக்கத் தொலைக்காட்சியில் பிரபலம். யாரும் நம்பவில்லை, நம்ப வேண்டும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார். அந்த மாக்ரி 2015-இல் அர்ஜென்டினாவின் ஜனாதிபதியானார். இந்தப் பகை அத்தோடு முடியவில்லை, கடைசியில் இன்னொரு முறை வரும்.

2002-இல் அவருடைய தம்பி ஒருவரைக் கடத்தினார்கள். பணம் கொடுத்து மீட்டார்கள். நாடே பொருளாதார நெருக்கடியில் கிடந்த காலம் அது. அந்த வருடமே ரிக்கெல்மே பார்சிலோனாவுக்குப் போனார்.

பார்சிலோனாவில் கோச் லூயிஸ் வான் கால். ரிக்கெல்மேயை வாங்கியது நிர்வாகத்தின் 'அரசியல்' முடிவு, தான் கேட்டதல்ல என்பதை அவர் மறைக்கவில்லை. பந்து நம்மிடம் இருக்கும்போது நீதான் உலகிலேயே சிறந்தவன், பந்து போய்விட்டால் நாம் ஒரு ஆள் குறைவாக ஆடுகிறோம் என்று வான் கால் தன்னிடம் சொன்னதாக ரிக்கெல்மே பிற்பாடு சொல்லியிருக்கிறார். நேர்மையாகப் பார்த்தால் வான் கால் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர் கண்ட தீர்வுதான் விசித்திரம்: ஆட்டத்தின் நடுவில் நிற்க வேண்டியவரைக் கோட்டோரம் விங்கில் நிறுத்தினார். மீனைப் பிடித்து மரத்தில் விட்ட மாதிரி. பாதி சீசனிலேயே வான் கால் வேலையை இழந்தார், அணி ஆறாவது இடத்தில் முடிந்தது. 2003-இல் ரொனால்டினோ வந்தார், பத்தாம் நம்பர் சட்டை அவருக்குப் போனது, ரிக்கெல்மே இரவல் ஆட்டக்காரராக வில்லாரியலுக்குப் போனார்.

மெஸ்ஸியின் கை ஏன் காதுக்குப் போனது என்பது இப்போது புரிந்திருக்கும். 2022 டிசம்பர் 9 அன்று நெதர்லாந்தின் கோச்சாக எதிரே இருந்தவர் இதே வான் கால்தான். மெஸ்ஸி நின்றது அவரைப் பார்த்து.

வில்லாரியல், சுமார் 50,000 பேர் வாழும் ஊர். ஓடு தயாரிக்கும் தொழிற்சாலைகளும் ஆரஞ்சுத் தோப்புகளும் உள்ள பகுதி. கிளப் முதன்முதலாக ஸ்பெயினின் முதல் டிவிஷனுக்கு வந்ததே 1998-இல்தான். அங்கே 2004-இல் சிலி நாட்டுக்காரரான மானுவேல் பெலெக்ரினி கோச்சாக வந்தார். அவர் பியாஞ்சி செய்ததையே செய்தார்: நடுவில் மார்க்கோஸ் சென்னாவைப் போன்ற உழைப்பாளிகள், அவர்களுக்கு முன்னால் ரிக்கெல்மே, முன்வரிசையில் டியேகோ ஃபோர்லான். 2004-05 சீசனில் வில்லாரியல் மூன்றாம் இடம் பிடித்தது. ஃபோர்லான் 25 கோல் அடித்து லீக்கில் முதலிடம், ரிக்கெல்மே 15. மூன்றாம் இடம் என்றால் பார்சிலோனாவுக்கும் ரியல் மாட்ரிட்டுக்கும் அடுத்து. ஒரு சிற்றூர்.

அடுத்த சீசனில் முதல்முறையாக சாம்பியன்ஸ் லீக். குரூப்பில் மான்செஸ்டர் யுனைடெட், பென்ஃபிகா, லில். ஆறு ஆட்டத்தில் வில்லாரியல் அடித்தது மொத்தமே மூன்று கோல், வாங்கியது ஒன்று, ஆனாலும் குரூப்பில் முதலிடம். யுனைடெட் கடைசி. பிறகு ரேஞ்சர்ஸ், பிறகு இன்டர் மிலான். இன்டருக்கு எதிரான கோல் ரிக்கெல்மேயின் ஃப்ரீ கிக்கை அருவபாரேனா தலையால் முட்டியது. அரையிறுதியில் ஆர்சனல். லண்டனில் 0-1. ஏப்ரல் 25, 2006 அன்று வில்லாரியலின் எல் மாட்ரிகல் மைதானத்தில் இரண்டாவது ஆட்டம்.

அந்த ஆட்டத்தை நான் நேரலையில் பார்த்தேன். நம் நேரப்படி நள்ளிரவு பன்னிரண்டே காலுக்கு ஆரம்பம், வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், டிவி சத்தத்தை மொத்தமாக அணைத்து வைத்திருந்தேன். ஆட்டம் முழுக்க வில்லாரியல்தான் முட்டியது. முடியப்போகும் நேரத்தில் பெனால்டி கிடைத்தது. அடித்தால் கூடுதல் நேரம். ரிக்கெல்மே வந்து நின்றார். சத்தமில்லாத டிவியில் அவர் முகத்தைப் பார்த்தபோதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எப்போதும் சோகமாகத்தான் இருக்கும் அந்த முகம், அன்றைக்கு இன்னும் கொஞ்சம். கோல்கீப்பர் யென்ஸ் லேமன் தன் இடது பக்கம் பாய்ந்து தடுத்தார். முடிந்தது. பாரிஸ் இறுதிப் போட்டிக்கு ஆர்சனல் போனது. வில்லாரியலை அந்த இடம்வரை தூக்கி வந்தவரே கடைசி உதையைத் தவறவிட்டார். அவரைப் பிடிக்காதவர்களுக்கு இந்த ஒன்று போதும். எனக்கு அப்படிப் பார்க்கத் தெரியவில்லை. அவர் இல்லையென்றால் அந்தப் பெனால்டியே இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஜெர்மனியில் உலகக் கோப்பை. கோச் பெக்கர்மன், மலேசியாவில் பார்த்தோமே, அவர்தான். முழு அணியையும் ரிக்கெல்மேயைச் சுற்றியே கட்டினார். செர்பியா மாண்டினீக்ரோவுக்கு எதிராக 6-0. அதில் இரண்டாவது கோல் உலகக் கோப்பை வரலாற்றின் அழகான கோல்களில் ஒன்று. இருபதுக்கும் மேற்பட்ட பாஸ்கள், அவசரமே இல்லாமல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம், எதிரணி தூங்கிவிட்டதோ என்று தோன்றும் நேரத்தில் சட்டென்று மூன்று நான்கு தொடலில் வேகம் மாறுகிறது, கிரெஸ்போ குதிகாலால் தள்ளுகிறார், கம்பியாசோ அடிக்கிறார். கடைசித் தொடல் ரிக்கெல்மேயுடையது இல்லை. ஆனால் அந்த நிதானம் அவருடையது, அணி முழுக்கத் தொற்றியிருந்தது.

காலிறுதி பெர்லினில், ஜெர்மனியுடன், ஜூன் 30. 49-ஆவது நிமிடம் ரிக்கெல்மேயின் கார்னர், அயாலா தலையால் முட்டி 1-0. 72-ஆவது நிமிடம் பெக்கர்மன் ரிக்கெல்மேயை வெளியே எடுத்து கம்பியாசோவை இறக்கினார். இருக்கும் கோலைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கு. அதற்குச் சற்று முன்புதான் கோல்கீப்பர் அபொண்டன்சியேரி காயத்தால் வெளியேறியிருந்தார். 80-ஆவது நிமிடம் குளோசே சமன் செய்தார். பந்தை ஒளித்து வைக்கத் தெரிந்தவர் அப்போது பெஞ்சில். 19 வயது மெஸ்ஸியும் கடைசிவரை பெஞ்சில். பெனால்டிகளில் அர்ஜென்டினா தோற்றது, இரண்டைத் தடுத்தவர், வேறு யார், லேமன். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவில்லை. தன் கால்பந்துக் கொள்கை முழுவதையும் ஒருவர் மேல் வைத்துவிட்டு, அது மிகவும் தேவைப்பட்ட பதினெட்டு நிமிடத்தில் பெக்கர்மனே அதை நம்பவில்லை. ரிக்கெல்மே அன்று களைத்திருந்தார், ஜெர்மனி வேகத்தைக் கூட்டியது என்றெல்லாம் வாதிடலாம், நியாயமும் உண்டு. ஆனாலும் டோக்கியோவைப் பார்த்தவர்களுக்கு அந்த மாற்றம் இன்றும் ஜீரணமாகவில்லை. பெக்கர்மன் உடனே பதவி விலகினார்.

தோல்விக்குப் பலியாடு தேடியவர்களுக்கு ரிக்கெல்மே வசதியாகக் கிடைத்தார். செப்டம்பரில் தேசிய அணியிலிருந்து விலகினார். தன்மேல் விழும் விமர்சனங்களைக் கேட்டுக்கேட்டு அம்மாவின் உடல்நிலை கெட்டுப்போகிறது, அம்மாவைவிட ஆட்டம் பெரிதில்லை என்பது அவர் சொன்ன காரணம். வில்லாரியலிலும் பெலெக்ரினியோடு முறிந்தது. அணியைவிட யாரும் பெரியவரில்லை என்று கோச் ஒதுக்கி வைத்தார். இந்த விஷயத்தில் நான் முழுக்க ரிக்கெல்மே பக்கம் நிற்க மாட்டேன். அவர் போன இடமெல்லாம் யாரோ ஒருவருடன் மனக்கசப்பு இருந்தது. எல்லா முறையும் மற்றவர்தான் தப்பு என்று சொல்ல முடியாது.

2007 பிப்ரவரியில் இரவலாகப் போகாவுக்குத் திரும்பினார். அந்த நாலைந்து மாதம் அவர் ஆடியதுபோல ஒரு தனி ஆள் தென்னமெரிக்கக் கிளப் போட்டியில் ஆதிக்கம் செலுத்தி நான் பார்த்ததில்லை. லிபர்ட்டடோரஸில் 8 கோல். இறுதியில் பிரேசிலின் கிரேமியோ அணி. முதல் ஆட்டம் 3-0, அதில் ஒரு ஃப்ரீ கிக் இவருடையது. இரண்டாவது ஆட்டம் ஜூன் 20 அன்று போர்ட்டோ அலெக்ரேயில், 2-0, இரண்டும் இவர். அதில் முதல் கோல், இடப்பக்கத்திலிருந்து வலது காலால் வளைத்துத் தூரத்துக் கம்பத்தின் ஓரத்தில் போட்டது. எதிரணி ஊரில், எதிரணி ரசிகர்கள் முன்னால், ஆற அமர. கோச்சாக இருந்தவர் மிகேல் ஆங்கெல் ருஸ்ஸோ. அவரும் காத்திருக்கத் தெரிந்தவர்.

அந்தச் சூட்டிலேயே தேசிய அணிக்கும் திரும்பினார். வெனிசுவேலாவில் கோபா அமெரிக்கா, 5 கோல், இறுதியில் பிரேசிலிடம் 0-3. அடுத்த வருடம் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வயது வரம்பு தாண்டியவர்களுக்கான இடத்தில் சேர்ந்து கேப்டனாக நின்றார். மெஸ்ஸி, அகுவேரோ, டி மரியா, மஸ்கெரானோவுடன் தங்கம். பின்னாளில் பத்தாம் நம்பரை எடுத்துக்கொண்ட மெஸ்ஸியும் இவரும் சேர்ந்து ஏதாவது வென்றார்கள் என்றால் அது இது ஒன்றுதான். 2008 கடைசியில் மரடோனா தேசிய அணிக்குக் கோச்சானார். ரிக்கெல்மே களத்தில் நிற்கும் இடத்தைப் பற்றி மரடோனா தொலைக்காட்சியில் குறை சொன்னார். என்னிடம் நேரில் சொல்லாமல் டிவியில் சொல்வதா என்று இவர் கோபித்துக்கொண்டார். எங்கள் இரண்டு பேர் நெறிமுறையும் ஒத்துப்போகாது என்று 2009 மார்ச்சில் ஒரேயடியாக விலகிவிட்டார். 51 ஆட்டம், 17 கோல். தன் பெயர் போட்ட சட்டையை அணிந்து விடைபெற்ற மனிதருக்காகக்கூட வளைந்து கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட ஆள்.

பலேர்மோ கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவரைப் பற்றி இதைவிட நன்றாக விளக்கும் சம்பவம் எனக்குத் தெரியாது. ஒரு காலத்தில் டோக்கியோவில் சேர்ந்து ஜெயித்த இருவரும் பிற்காலத்தில் பேசிக்கொள்வதில்லை. 2010 ஏப்ரலில் பலேர்மோ போகாவுக்காக 219-ஆவது கோலை அடித்தால் கிளப்பின் எக்காலச் சாதனை. ஆர்சனல் தெ சராந்தி அணிக்கு எதிரான ஆட்டம். ரிக்கெல்மே பந்தோடு உள்ளே புகுந்தார், தானே அடித்திருக்கலாம், பக்கத்தில் ஆளில்லாமல் நின்ற பலேர்மோவுக்குத் தள்ளினார். சாதனை. எல்லோரும் பலேர்மோவைக் கட்டிப்பிடிக்க ஓடினார்கள். ரிக்கெல்மே எதிர்ப்பக்கம் திரும்பித் தனியாக ரசிகர்களை நோக்கி ஓடினார். பாஸ் கொடுப்பதில் அவருக்குப் பகை கிடையாது. கட்டிப்பிடிப்பது வேறு விஷயம்.

மீதிக் காலத்தை வேகமாகச் சொல்கிறேன். 2008-லும் 2011-லும் லீக் பட்டம். பின்னது ஒரு தோல்விகூட இல்லாமல், 19 ஆட்டத்தில் 6 கோல் மட்டுமே வாங்கி. மொத்தத்தில் போகாவுடன் 11 பட்டங்கள். 2012 லிபர்ட்டடோரஸ் இறுதியில் கொரிந்தியன்ஸிடம் தோற்ற இரவே, உள்ளே வெறுமையாகிவிட்டேன், இனி கொடுக்க ஒன்றுமில்லை என்று சொல்லி விலகினார். 2013-இல் பியாஞ்சி மறுபடி வந்ததும் இவரும் வந்தார். 2014-இல் இரண்டாம் டிவிஷனில் கிடந்த அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸுக்குப் போய், பால பாடம் படித்த கிளப்பை முதல் டிவிஷனுக்கு ஏற்றிவிட்டு, 2015 ஜனவரியில் ஓய்வு.

கொண்டாட்டத்துக்குக் காரணம் என்ன என்றுதானே கேட்டீர்கள். கோப்பைகள் ஒரு பாதி. இன்னொரு பாதி, அவர் போன பிறகு அந்த மாதிரி ஆட்டக்காரரே இல்லாமல் போனது. கோச்சுகள் எல்லோரும் ஓட்டத்தையும், பந்துக்காக எதிரணியை விரட்டி நெருக்கும் பிரஸ்ஸிங்கையும் கேட்கத் தொடங்கிய காலத்தில், தனக்காக மட்டும் ஒரு இடத்தை ஒதுக்கச் சொன்ன கடைசிப் பெரிய ஆள் இவர். 'கடைசிப் பத்து' என்று அங்கே அழைப்பது அதனால்தான். அப்புறம், மெஸ்ஸியைப் போல இளம் வயதிலேயே கடல் தாண்டியவர் இல்லை இவர். ஐரோப்பாவிலிருந்து 28 வயதில், இன்னும் நன்றாக ஆடும் நிலையிலேயே திரும்பி வந்தவர். பொம்போனேராவைத் தன் வீட்டு முற்றம் என்பார். 2023 ஜூன் 25 அன்று அந்த முற்றத்தில் பிரிவுபசார ஆட்டம் நடந்தபோது, உலகக் கோப்பையை வென்று ஆறு மாதமே ஆன மெஸ்ஸி விருந்தாளியாக வந்து ஆடினார்.

மாக்ரி பகை இன்னொரு முறை வரும் என்று சொன்னேன். 2019-இல் ரிக்கெல்மே போகாவின் துணைத் தலைவரானார். 2023 டிசம்பரில் தலைவர் பதவிக்கே நின்றார். எதிரணியில் துணைத் தலைவர் வேட்பாளராக நின்றவர் முன்னாள் ஜனாதிபதி மாக்ரி. உறுப்பினர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். ரிக்கெல்மேக்குச் சுமார் 65 சதவீதம். ஆனால் நிர்வாகியாக அவர் ஆட்டக்காரர் ரிக்கெல்மேயின் அருகில்கூட வரவில்லை என்பது என் கருத்து. அவர் பொறுப்பில் இருந்தபோது உள்நாட்டுப் பட்டங்கள் வந்தன, 2023 லிபர்ட்டடோரஸ் இறுதிவரை போய் ஃபுளுமினென்ஸேயிடம் தோற்றார்கள். 2025-இல் அதே போட்டியின் குரூப் சுற்றுக்குக்கூடப் போகாமல் பெருவின் அலியான்சா லிமாவிடம் வெளியேறினார்கள். ஆடும்போது கோச்சுகள் தனக்காகக் காத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர், தலைவரான பிறகு கோச்சுகளுக்காகக் காத்திருப்பதில்லை. அடிக்கடி மாற்றுகிறார்.

நீங்கள் பார்த்தது தொகுப்பு வீடியோ என்று நினைக்கிறேன். அவரை அப்படிப் பார்க்கவே கூடாது, நிற்கிற நேரத்தையெல்லாம் வெட்டிவிடுவார்கள். டோக்கியோ ஆட்டத்தை முழுதாகத் தேடிப் பாருங்கள். முதல் ஆறு நிமிடத்தைக் கோல்களுக்காகப் பார்த்துவிட்டு, இரண்டாம் பாதியில் பந்தை மறந்துவிட்டு மகலேலேயை மட்டும் பாருங்கள். அவர் எத்தனை முறை தப்பான பக்கம் போகிறார் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள்.